தென்னமரம் தோட்டமும் சயாம் ரயிலும்: பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு நாள்

ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்று கையில் இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். துங்கு அப்துல் ரஹ்மானின் உருவத்தோடு செம்பனை மரங்களும் இருக்கும். நம் நாட்டில் வாணிபத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட ஆண்டு 1917. அதற்கு வழிசெய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நடப்பட்ட இடம் நம் கோலசிலாங்கூர் மாவட்டம். அந்தத் தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. மலாயிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதினாலும் சரி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அது தமிழ்.

இந்த ஒரு செய்திதான் என்னையும் என் தோழியையும் அரையாண்டு விடுமுறையில் பத்தாங் பெர்ஜுந்தை வரை இழுத்துக்கொண்டு போனது.

பல்கலைக்கழகத்தில் நான் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருக்கிறேன். தோழி ஜப்பானிய மொழி படிக்கிறாள். எங்கள் இருவருக்கும் பிடித்த பொதுவான ஊர் ஒன்று உண்டு. டோக்கியோ நகரில் ககுராசாக்கா என்ற பழைய பகுதி. மேடான ஒரு தெரு, கல் பாவிய குறுகலான சந்துகள், பழங்காலத்துக் கெய்ஷா விடுதிகள். அவற்றுக்கு நடுவே பிரெஞ்சு ரொட்டிக் கடைகளும் உணவகங்களும். 1952இல் பக்கத்தில் பிரெஞ்சு மொழிக் கழகம் ஒன்று திறக்கப்பட்டது. பிரெஞ்சுப் பள்ளியும் அருகே இருந்தது. பிரெஞ்சுக் குடும்பங்கள் குடியேற, ஊரின் முகமே மெல்ல மாறிவிட்டது. இன்று அதைக் ‘குட்டிப் பாரிஸ்’ என்கிறார்கள். புதுச்சேரியின் கடற்கரைத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மயக்கம் புரியும்.

டோக்கியோவுக்குப் போக எங்களிடம் காசு இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரரின் கையும் ஜப்பானியரின் கையும் பட்ட பழைய ஊர் ஒன்று, புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் மாமா வீட்டிலிருந்து கார் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது, மாமாவைக் கெஞ்சிக் காரில் ஏறிவிட்டோம்.

மலையிலிருந்து தொடங்கினோம்

கோலசிலாங்கூர் என்றதும் எல்லாரும் போவது புக்கிட் மெலாவத்திதான். நாங்களும் அங்கிருந்தே தொடங்கினோம். வெள்ளி முடிக் குரங்குகள் தோளில் ஏறி நிலக்கடலை கேட்கும். பள்ளிச் சுற்றுலாவில் இதைப் பார்க்காத சிலாங்கூர் பிள்ளைகள் குறைவு.

இங்கே உள்ள பீரங்கிகளைப் பார்த்து, “இது பிரெஞ்சா?” என்று தோழி கேட்டாள். இல்லை. இந்தக் குன்றின் வரலாற்றில் வருபவர்கள் டச்சுக்காரர்கள். சுல்தான் இப்ராஹிமின் கோட்டையை 1784இல் டச்சுப் படை கைப்பற்றி, தன் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்தது. மறு ஆண்டே சுல்தான் மீட்டுக்கொண்டார். கலங்கரை விளக்கம் பிறகு ஆங்கிலேயர் காலத்தில் வந்தது.

ஆனால் மேலே நின்று மலாக்கா நீரிணையைப் பார்க்கும்போது ஜப்பானின் கதை தொடங்குகிறது. 1942 ஜனவரி 2ஆம் தேதி, படகுகளை இழுத்துக்கொண்டு வந்த ஜப்பானியப் படை ஒன்று இந்தக் கடற்கரையில் இறங்கப் பார்த்தது. கரையிலிருந்து பீரங்கி சுட்டதில் திரும்பிப் போனது. அடுத்த சில நாட்களிலேயே அவர்கள் வடக்கிலிருந்து தரை வழியாக வந்துவிட்டார்கள். சிலாங்கூர் ஆற்றின் பாலங்களைக் காக்கப் பிரிட்டிஷ் தரப்பில் நின்ற படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்கள் நின்ற பகுதிதான் பத்தாங் பெர்ஜுந்தை. ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது.

கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் காரைத் திருப்பி, ஆற்றின் போக்கிலேயே உள்ளே போனோம்.

பெயர் மாறிய ஊர்

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்கள் இரவில் படகேறிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே ஆற்றில் மேலே போனால் வரும் ஊர்தான் பத்தாங் பெர்ஜுந்தை. 2007 முதல் இதன் பெயர் பெஸ்தாரி ஜெயா. ‘பத்தாங்’ என்றால் மரத்தண்டு, ‘பெர்ஜுந்தை’ என்றால் தொங்குவது. மலாய் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தது போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, ‘அறிவுள்ள’ என்ற பொருளில் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். சாலைப் பலகைகள் மாறிவிட்டன. கடைவீதியில் நாங்கள் பேசிய எல்லாரும் இன்னும் ‘பத்தாங்’ என்றுதான் சொன்னார்கள்.

ககுராசாக்காவைப் போன்ற கல் பாவிய சந்து இங்கே இல்லை. பழைய கடைவீடுகள், முன்பக்கம் ஐந்தடி நடைபாதை, சாயம் போன மரச் சன்னல்கள். காப்பிக் கடையில் காலை பத்து மணிக்கும் கூட்டம். ஒரு மேசையில் சீனப் பெரியவர்கள், அடுத்த மேசையில் நம்மவர்கள், அதற்கடுத்து சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் மலாய் மாணவர்கள். ஊரைச் சுற்றி நீல நிறக் குளங்கள். அவை இயற்கைக் குளங்கள் அல்ல, ஈயக்கப்பல்கள் மண்ணைத் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள். ஈயம், ரப்பர், செம்பனை என்று மலாயாவின் மூன்று பெரிய செல்வங்களையும் இந்த ஒரு வட்டாரமே கொடுத்திருக்கிறது.

கொடுத்த மக்களுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கதை. இதே வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பது தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும்.

துரை எழுதிய நாவல்

இனி அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பார்ப்போம். அவர் பெயர் ஆன்ரி ஃபோக்கோனியே. 1879இல் பிரான்சின் தென்மேற்கில் பார்பெஸியே என்ற சிற்றூரில் பிறந்தவர். இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சும் இசையும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். போர்னியோவில் சவ்வரிசி மரம் வளர்த்தால் பணக்காரனாகலாம் என்று எங்கோ படித்துவிட்டுக் கப்பலேறினார். 1905இல் இங்கே வந்து பார்த்தபோது, பணம் சவ்வரிசியில் இல்லை, ரப்பரில் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்துரையிடம் தொழில் பழகினார். பிறகு சிலாங்கூர் ஆற்றுக்கு அப்பால், ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் கேட்டு வாங்கிக் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார். குன்றின் மேல் தனக்கொரு வீடு கட்டி, அதற்குப் ‘பனை வீடு’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரும் வைத்தார்.

அவருடைய தோட்டங்களுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர் அத்ரியேன் அல்லே என்ற பெல்ஜியக்காரர். இந்த அல்லேயின் கூட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் சொக்ஃபின் கம்பெனி. வடசிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் ‘சொக்ஃபின்’ என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அது பிரெஞ்சுச் சுருக்கம் என்று தெரியாது, ஆனால் பெயர் தெரியும். “சொக்ஃபின் தோட்டமா? எங்க சித்தப்பா அங்கதான் கிராணியா இருந்தாரு,” என்றார் காப்பிக் கடைக்காரர்.

1910இல் ரப்பர் விலை உச்சிக்கு ஏறியபோது ஃபோக்கோனியே செல்வந்தரானார். 1911இல் சுமத்ராவின் டெலி பகுதியிலிருந்து செம்பனை விதைகள் வந்தன. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நடப்பட்ட நான்கே நான்கு கன்றுகளின் வம்சம்தான் டெலிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது. முதலில் இதை அழகுக்காகச் சாலையோரத்தில் வளர்த்தார்கள். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் எண்ணெய்க்காக வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று உலகில் செம்பனை எண்ணெய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் மலேசியாவுக்கு. பிஸ்கெட்டிலும் சவர்க்காரத்திலும் நாம் வறுக்கும் அப்பளத்திலும் அந்தத் தோட்டத்தின் ஒரு துளி இருக்கிறது.

ஆனால் பிரான்சில் ஃபோக்கோனியேயை யாரும் செம்பனைக்காக நினைவில் வைத்திருக்கவில்லை. அவர் எழுதிய ஒரே நாவலுக்காக வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்து, பிறகு தோட்டத்தையும் விட்டுத் துனிசியாவில் குடியேறிய பின், 1930இல் ‘மலேசி’ என்ற நாவலை வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில் மலாயாவின் பெயர் அது. அந்த ஆண்டின் கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. பிரெஞ்சு இலக்கியத்தில் அதைவிடப் பெரிய பரிசு இல்லை என்று சொல்லலாம். நம் ஆற்றங்கரையில் பால்மரம் வளர்த்த ஒரு துரை, அந்த ஊரை வைத்து எழுதிப் பாரிசில் முதல் பரிசு வாங்கியிருக்கிறார்!

நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்துப் படித்தேன். மழைக்கு முன் காடு நிற்கும் நிலை, விடியலில் ஆற்றின் மேல் எழும் பனிமூட்டம் இவற்றையெல்லாம் நம் ஊரைப் பார்த்தவர் எழுதியது என்று உடனே தெரிகிறது. மலாய்ப் பந்தூன்களை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதும் தெரிகிறது. கதையின் நடுவே இரண்டு பிரெஞ்சுத் துரைமார்களும் இரண்டு மலாய் இளைஞர்களும். தமிழர்களும் வருகிறார்கள், தோட்டம் என்றால் நாம் இல்லாமல் முடியுமா? ஆனால் கதையைச் சொல்லும் குரல் நம்முடையது அல்ல. காடு வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டவர்கள் தம் கதையை எழுதவில்லை. அன்று அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாவல் பிடித்திருந்தது. ஆனால் அதை மூடியபோது, இதே நாளை ஒரு பால்வெட்டுக்காரர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பெரட்டுக்கு நாலரை மணிக்கே எழுந்தவருக்கு அந்தப் பனிமூட்டம் அழகாகத் தெரிந்திருக்குமா?

“இச்சி, நி, சான்...”

மாமாவுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஊருக்கு வெளியே தாமானில் இருக்கிறது. அங்கே 88 வயதுப் பாட்டி ஒருவர். தோட்டத்தில் பிறந்து, ஐம்பது ஆண்டுகள் பால் வெட்டி, பிள்ளைகளோடு தாமானுக்கு வந்தவர். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம்.

“எதைம்மா கேக்குற? மரவள்ளியையா, சாக்குத் துணியையா?” என்று சிரித்தார் பாட்டி.

அப்போது அவருக்கு ஆறு, ஏழு வயது. ரப்பரை வாங்க ஆள் இல்லாததால் தோட்டத்தில் வேலை இல்லை. அரிசி இல்லை. லயத்துக்குப் பின்னால் எல்லாரும் மரவள்ளி நட்டார்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கிழங்குதான். துணி கிழிந்த பிறகு கோணிச் சாக்கைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு கட்டுக்கட்டாக இருந்தும் ஒன்றும் வாங்க முடியவில்லை. கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் காலையில் சூரியன் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்க வேண்டும்.

பிறகு திடீரென்று விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். “இச்சி, நி, சான், சி, கோ, ரொக்கு...” பத்து வரை தடுமாறாமல் வந்தது. என் தோழியும் கூடவே எண்ணினாள். எண்பது ஆண்டுகளுக்கு முன் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தவரும், போன பருவத்தில் தேர்வுக்காகக் கற்றவளும் ஒன்றாகப் பத்து வரை எண்ணி முடித்தார்கள். ஜப்பானின் சுவடு எங்கே என்று கடைவீதி முழுக்கத் தேடினோம். அது இந்தப் பாட்டியின் நாக்கில் இருந்தது.

“அப்புறம் எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்க, பாப்பா.”

நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று முதலில் ஆள் சேர்த்தார்களாம். சோற்றுக்கு வழியில்லாத நேரம், சிலர் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். போதிய ஆள் கிடைக்காதபோது லாரியைக் கொண்டுவந்து நிறுத்திப் பிடித்துப் போனார்கள். பாட்டியின் தந்தை இரண்டாவது லாரியில் போனார். “சயாமுக்கு ரோடு போட” என்றுதான் சொன்னார்களாம். தாயார் மூன்று மாதம் எண்ணினார், பிறகு ஆறு மாதம். போர் முடிந்து, 1946இல் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். பேதி வந்து போய்விட்டதாக அவர்தான் சொன்னார். எந்த முகாம், எந்த நாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

“எங்கம்மா அதுக்கப்புறமும் ரெண்டு வருசம் பொட்டை எடுக்கல. பொணத்தைப் பாக்கலியே, எப்படி எடுக்குறதுன்னு கேட்டாங்க.”

அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிதான் எழுந்து போய் எங்களுக்குத் தேநீர் போடச் சொன்னார்.

415 கிலோமீட்டர்

பாட்டியின் தந்தை போட்டது ரோடு அல்ல, ரயில் பாதை. தாய்லாந்தின் பான் போங் என்ற இடத்திலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். மலையையும் காட்டையும் வெட்டி, 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஏறக்குறைய 60,000 நேசநாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தனர். 12,000க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் அதிகமானோர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். கைதிகளின் படையில் மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது, கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அவை எதுவும் இல்லை. 1943இன் மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாக மடிந்தார்கள். சயாமுக்குப் போவதைவிட மேல் என்று இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களும் உண்டு.

இப்போது பிரெஞ்சுப் பக்கம் மீண்டும் வருவோம். 1936இல் பியேர் பூல் என்ற இளம் பொறியியலாளர் பிரான்சிலிருந்து மலாயா வந்தார். வேலை கொடுத்தது அதே சொக்ஃபின் கம்பெனி. கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 50 மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். போர் வந்ததும் விடுதலைப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறையிருந்தார். 1952இல் அவர் எழுதிய நாவல்தான் ‘குவாய் நதிப் பாலம்’. 1957இல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்ட அந்தப் படம், சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்றது. அந்த ரயில் பாதையை உலகம் இன்றுவரை அறிந்திருப்பது இந்தக் கதையால்தான்.

கதையின் நாயகர்கள் பிரிட்டிஷ் கைதிகள். தமிழர் ஒருவர்கூட அதில் கதைமாந்தர் இல்லை. தோட்டத் தமிழர்களோடு சில ஆண்டுகள் வேலை செய்த ஒருவர் எழுதிய கதையில் இப்படி என்பதுதான் என்னை உறுத்தியது. பூல் நாவலாசிரியர், அவருக்கு வேண்டிய கதையை எழுதினார். அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் படத்தின் சீழ்க்கை இசையை முணுமுணுத்துக்கொண்டே பாலத்தில் நடக்கிறார்கள். அங்குள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெட்டிய புல், வரிசையான கற்கள், கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு. பாட்டியின் தந்தைக்கு அப்படி ஒரு கல் இல்லை.

நாம் எழுதியவை

நம்மவர்கள் ஒன்றுமே எழுதவில்லை என்று சொன்னால் அது தவறு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரண்டு மலேசியத் தமிழ் நாவல்களும் இந்தக் கதையைத் தோட்டத்திலிருந்து தொடங்கிச் சொல்கின்றன. பள்ளியில் நான் இவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் வரலாறு படித்தும், ஜப்பானியர் ஆட்சி எனக்கு நான்கு மதிப்பெண் கேள்வியாகத்தான் இருந்தது. 2023இல் காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் வராராம் பௌத்த ஆலயத்தில், அங்கே மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. போரில் மடிந்தவனுக்குக் கல் நடுவது நம் பழைய மரபு. எண்பது ஆண்டு தாமதமானாலும் அந்த மரபு சயாம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நம் வயதுக்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல் வயது. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஒருவர் இருக்கலாம். கைப்பேசியின் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? யாரெல்லாம் போனார்கள்? யாரெல்லாம் திரும்பி வந்தார்கள்? போனவர்களின் பெயரையும் தந்தை பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று இருக்கும், நம்மவர்கள் அழைத்த பெயர் வேறொன்று இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைச் சேர்த்து வைக்கிறது. குறைந்தது உங்கள் குடும்பத்தின் புலனக் குழுவிலாவது போட்டு வையுங்கள்.

பாட்டி தன் தந்தையின் பெயரைச் சொன்னார். தோழி அதை நோட்டில் மூன்று மொழிகளில் எழுதினாள். ஜப்பானிய எழுத்தில் எப்படி இருக்கும் என்று பாட்டி ஆசையாகப் பார்த்தார். குடும்பத்தின் தனிமை கருதி அதை இங்கே வெளியிடவில்லை.

போக விரும்புவோருக்கு

கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகப் பெஸ்தாரி ஜெயாவுக்குக் காரில் போகலாம். காலையிலேயே போனால் கடைவீதியின் காப்பிக் கடைகள் சுறுசுறுப்பாக இருக்கும். தோட்டங்கள் எல்லாம் தனியார் நிலம். அனுமதி இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள், செம்பனை வரிசையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஈயக் குளங்களின் கரையில் மண் சரியும், படம் எடுக்க விளிம்புக்குப் போக வேண்டாம். மாலையில் கோலசிலாங்கூர் திரும்பி புக்கிட் மெலாவத்தியில் ஏறினால் சூரியன் நீரிணையில் இறங்குவதைக் காணலாம். இருட்டிய பின் கம்போங் குவாந்தான் மின்மினிகள். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் அவை ஒன்றாக மினுங்கும், கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள். பெரியவர்களைப் பார்க்கப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். கையில் கொஞ்சம் பழமும், அவசரப்படாமல் உட்கார்ந்து கேட்க ஒரு முழுப் பிற்பகலும் இருக்கட்டும்.